பீரோ குடித்த டீசல்

ஞாயிற்றுக்கிழமையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பிளம்பர் சபதம் எடுத்திருந்தார். வாரம் முழுக்க ஊரார் வீட்டு சிங்க்குக்கு அடியில் தலையைக் கொடுக்கிற மனிதர், ஒரு நாள் தன் தலையணையில் தலையை வைக்கக் கூடாதா? அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது. மனைவியின் அண்ணன் வீடு மாறுகிறாராம். இந்தத் தெரு முனையிலிருந்து அந்த முனைக்கு. ஞாயிறு காலை சாமான் ஏற்ற பிளம்பரின் பிக்கப் வண்டியும் வேண்டுமாம், மாப்பிள்ளையும் வேண்டுமாம்.

முடியாது என்று மனைவியிடம் நேராகச் சொல்லும் தைரியம் அவருக்குக் கிடையாது. அதனால் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார். சனிக்கிழமை மாலை அண்ணன் தங்கை இருவரையும் பிக்கப்பில் ஏற்றி, பின்னால் இரும்புக் குழாய்களை நிரப்பி ஒரு சுற்று சுற்றினார். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்றது டாஷ்போர்டு. குழாய்களை இறக்கிவிட்டு அதே சுற்று. பதிமூன்று! நின்று நின்று கிளம்புகிற தெருவில் கனம்தான் டீசலைக் குடிக்கிறது என்று ஆரம்பித்தவர், உலகத்தில் எண்ணெய் தீர்ந்துபோனால் அதற்கு பீரோக்கள்தான் பொறுப்பு என்று முடித்தார். மச்சான் வாயைப் பிளந்தார்.

மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப கனமான சாமான் எதையும் வண்டியில ஏத்தக் கூடாதுங்கிறீங்க?"

"ஏத்தவே கூடாது."

"தலையணை, மெத்தை?"

"அது பஞ்சும்மா. நீயே ஓட்டிட்டுப் போ. பத்து நடைகூட போ," என்றார் தாராளமாக.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத வாக்கியம். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மனிதர் உச்சி குளிர்ந்துபோய்த் தூங்கிவிட்டார்.

விடிந்ததும் மனைவி போர்வையை உருவி, அவரை மச்சான் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பிக்கப் நிறையத் தலையணை. பக்கத்தில் தரையில் ஆளுயர இரும்பு பீரோ. அதன் ஒரு முனையை மச்சான் பக்தியோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"கனத்தை வண்டியில ஏத்தக் கூடாதே. கிட்டத்தானே, நீங்களும் அண்ணனும் கையில தூக்கிட்டு வந்துடுங்க."

இன்றைக்கு ஒரு நாள் ஏற்றினால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்று இழுத்துப் பார்த்தார் பிளம்பர். மச்சான் பதறிப்போனார். "வேண்டாம் மாப்பிள்ளை, நேத்து கண்ணால பார்த்தோமே."

தூங்கத்தான் அந்த நாடகம் என்று சொல்ல முடியுமா? தூக்கினார். பாதித் தெருவில் முதுகு முறுக்கிக்கொண்டது. எதிர்வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. பிக்கப் பூப்போலப் பக்கத்தில் வந்து நின்றது. மனைவி தலையை வெளியே நீட்டினாள்.

"மெதுவாவே வாங்க, அவசரமில்ல. இன்னும் வாஷிங் மெஷினும் கட்டிலும்தான் பாக்கி."