பதினாலாவது ஆணி

பயிற்சிப் பிரியர் என்றொரு இனம் உண்டு. இவர்கள் வேலை தேடுகிறார்கள் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். தேடுவது அடுத்த பயிற்சியை.

அந்த இனத்தில் ஒருவனுக்குத் தெருவே 'பதினாலு' என்று பெயர் வைத்திருந்தது. போன மாதம் வரை அவன் 'பதிமூணு'. செல்போன் பழுது பார்ப்பது, மெழுகுவர்த்தி ஊற்றுவது, முடி வெட்டுவது, காளான் வளர்ப்பது என்று எங்கே இலவச வகுப்பு நடந்தாலும் முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு என்ற பிஸ்கட்டில் மூன்று எடுத்து, கடைசி நாள் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்து, குரூப் போட்டோவில் நடுவில் நின்று, சான்றிதழோடு வீடு திரும்புவான். காளானா? ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதினாலாவது, குழாய் வேலை. அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட ஆணி அடித்தான். சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயில் கச்சிதமாக இறங்கியது ஆணி. சுவருக்குள் குழாய் எப்படிப் போகும் என்பதுதான் நான்காம் நாள் பாடம். அன்றைக்கும் அவன் வகுப்பில் இருந்தான்.

நான்கு வருடமாகச் சோறு போடும் அக்கா தொப்பலாக நனைந்து நின்றாள். "நீதானடா குழாய் படிச்சவன், ஏதாவது பண்ணேன்."

அவன் நோட்டைப் புரட்டி, இதற்குப் பெயர் அழுத்தக் கசிவு என்று விளக்கினான். அக்கா அந்த அழுத்தக் கசிவை வாளி வாளியாக வெளியே ஊற்றினாள். பிறகு பிளம்பருக்குப் போன் செய்தாள்.

வந்தவனைப் பார்த்ததும் பதினாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன். வேலை கிடைத்ததென்று மூன்றாம் நாளே ஓடிப்போனவன். பாவம், சான்றிதழ் இல்லாதவன். அவன் முதலில் மெயின் வால்வை மூடினான். அது யாருக்குமே தோன்றவில்லை. அரை மணியில் குழாயைச் சரிசெய்துவிட்டு, ஆள் போதாமல் திண்டாடுவதாகவும், நாளைக் காலை ஏழு மணிக்கு வந்தால் கூடவே வைத்துக்கொள்வதாகவும் பதினாலிடம் சொன்னான்.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். நான்கு வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை அது.

பதினாலு தலையைச் சொறிந்தான். "நாளைக்கா? நாளைக்கு எனக்கு வகுப்பு ஆரம்பிக்குதே."

"என்ன வகுப்பு?" என்றாள் அக்கா.

"வேலை கிடைச்சா அதை எப்படித் தக்க வச்சுக்கிறதுன்னு."

அக்கா தரையில் கிடந்த ஆணியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "பதினஞ்சாவதுக்கு வச்சுக்கோ. ஆனா எங்க மாட்டணுமோ அந்தச் சுவத்தை நீயே தேடிக்கோ. இங்க இடமில்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். படித்து முடித்ததும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று சொல்லத் தோன்றுகிறதா? அப்படியென்றால், உங்கள் அக்கா இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.