சவ வண்டிக்குப் பின்னால் நடந்து ரோம் பார்த்தது

என் மரியாதைக்குரிய மூத்த அக்கா செரஃபினாவுக்கும், உன் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு இன்னும் தெம்பாக நடமாடும் ரொக்கோ அத்தானுக்கும், ரோம் பட்டணத்திலிருந்து தம்பி கானியோ வணங்கி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் என் முழங்கால் நன்றாக இருக்கிறது. உன் முதுகும், ஆடுகளும், அத்தானுடைய கேட்காத காதும் நான் விட்டுவந்தபடியே இருக்கும் என்று நம்புகிறேன்.

முதல் விஷயம், நான் தொலைந்து போகவில்லை. வியாழக்கிழமை ரயிலில் நான் இறங்காததைப் பார்த்து நீ ஸ்டேஷனிலேயே ஒப்பாரி வைத்திருப்பாய், பாதிரியாரை எழுப்பியிருப்பாய், போலீஸ்காரரிடம் என் மூக்கைப் பற்றி விவரமாகச் சொல்லியிருப்பாய். அதெல்லாம் வீண் வேலை. என் வீட்டுக்காரி லுச்சியா செத்துப்போன நாளிலிருந்து நீ ஒரே பாட்டைத்தானே பாடுகிறாய். "உனக்குத் தனியா இருக்க வராதுடா கானியோ. உன் காலுறை எங்க கிடக்குன்னு உனக்கே தெரியாது. வீட்டைப் பூட்டிட்டு எங்க மாடி அறைக்கு வந்துடு" என்கிறாய். எனக்கு யாரும் வேண்டாம் என்றதற்கு, "அப்ப ரோமுக்குத் தனியா போ, எல்லாத்தையும் பாரு, வியாழக்கிழமை ரயில்ல தனியா வந்து இறங்கு. இறங்கிட்டா நான் அப்புறம் வாயே திறக்கமாட்டேன். இறங்கலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு மாடிக்கு வந்துடணும்" என்று பந்தயம் கட்டினாய். நீ வாயை மூடி இருப்பதைப் பார்க்க ரோமுக்கென்ன, நிலாவுக்கே போகலாம் என்றுதான் கிளம்பினேன்.

ரயிலில் ஒரு குறையும் இல்லை. எதிரே ஒரு தையற்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மாமியார் நம் கழுதை மாதிரி, யார் தொட்டாலும் உதைப்பாளாம். அந்தக் கதை முடிவதற்குள் ரோம் வந்துவிட்டது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் இடம் கிடைத்தது. சுத்தமான இடம். ஆனால் நீ கட்டிக்கொடுத்த பாலாடைக்கட்டியையும் காய்ந்த மிளகாயையும் அறையில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கன்னியாஸ்திரீகளும் மனுஷர்கள்தானே. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே ஊரைச் சுற்றினேன். பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, சிலைகளெல்லாம் குளித்துக்கொண்டிருக்கின்றன. காசு எறிந்தால் இந்த ஊருக்கு மறுபடியும் வருவோமாம். மறுபடியும் வரும் உத்தேசம் இல்லாததால் நான் எறியவில்லை. இந்த ஊரில் பாதி இடம் இடிந்துதான் கிடக்கிறது. அத்தான் கட்டிய பன்றிக்கொட்டகைச் சுவர் விழுந்ததற்கு நீ மூன்று ஞாயிற்றுக்கிழமை திட்டினாய் அல்லவா, இனிமேல் திட்டாதே. இங்கே அதற்கு டிக்கெட் கிழிக்கிறார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சின்னக் கோயிலுக்குள் போனேன். உள்ளே பேர்பெற்ற ஓவியம் ஒன்று இருக்கிறது என்றார்கள். வெயிலில் இருந்து போனதால் கண் தெரியவில்லை, ஒரே இருட்டு. ஓவியத்துக்கு எதிரே ஒரு பெட்டி, அதில் காசு போட்டால் விளக்கு எரியும். பக்கத்தில் கேமராவோடு ஒரு ஜெர்மன்காரர் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தார். வேறு யாராவது காசு போடட்டும் என்று காத்திருந்திருக்கிறார், மகராசன். நான் போட்டேன். பளீரென்று விளக்கு எரிந்தது. சுவரில் ஓவியம் தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பினால் நடுக்கோயிலில் ஒரு சவப்பெட்டி! பூசை வைத்துக்கொண்டிருந்த பாதிரியார் கையைத் தூக்கியபடியே என்னைப் பார்க்கிறார். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு, விளக்கு தானாக அணையட்டும் என்று நின்றேன். அது அணைகிற வழியாக இல்லை.

அந்த வெளிச்சத்தில்தான் கவனித்தேன். ஆள் இல்லை அக்கா. முன்வரிசையில் கறுப்பு உடுத்திய ஒரு அம்மாள், பின்னால் சாவிக்கொத்தோடு இன்னொருத்தி, அவ்வளவுதான். மீதி பெஞ்செல்லாம் காலி. ஒரு மனுஷன் செத்துக் கிடக்கிறான், அவனுக்கு வந்த கூட்டத்தில் நானும் ஜெர்மன்காரரும்தான் பாதி! நம் ஊரில் கிணற்றுப் பாதையை முள்வேலி போட்டு அடைத்தானே மிம்மோ, அந்தக் கஞ்சப்பயல் செத்தபோது என்ன கூட்டம்! நீ அவன் பெட்டிக்குப் பின்னாலேயே அவனைத் திட்டிக்கொண்டு போனாய். திட்டினாலும் போனாய் அல்லவா? அதுதான் முறை. போய் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதேன். ஜெர்மன்காரரையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பியது. நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். சவத்துக்குப் பின்னால் வேறு எப்படிப் போவது? கொஞ்ச தூரம் போனதும் வண்டிக்காரன் நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"பெரியவரே, எங்க போறீங்க?"

"கல்லறைக்கு. நீ வேற எங்கயாவது கொண்டு போறியா?"

"நடந்தேவா? ஊருக்கு அந்தப் பக்கம் ஐயா அது!"

"ஊருக்கு நடுவுலயா புதைப்பாங்க? நீ மெதுவா ஓட்டு தம்பி. அவருக்கு என்ன அவசரம்?"

பின்னால் பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் இன்னும் என்னென்னவோ நின்று ஹாரன் அடித்தன. வாடகைக் கார்க்காரன் ஒருத்தன் என் தாயாரைப் பற்றி விசாரித்தான். நான் காதில் வாங்கவில்லை. அப்போது முன்னால் போன காரின் கதவு திறந்தது. அந்தக் கறுப்புடை அம்மாள் இறங்கினாள். அவள் பெயர் எல்வீரா, செத்தவருக்கு அக்கா. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்நியர் நீங்க நடக்கும்போது நான் கார்ல போனா, என் தம்பி எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுவான்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சாவிக்கொத்துக்காரியும் சேர்ந்துகொண்டாள். அவள் எர்சீலியா, செத்தவர் குடியிருந்த கட்டிடத்தின் காவல்காரி. ஜெர்மன்காரர் கடைசியில் வந்தார்.

காய்கறிக் கடைக்காரன் ஒருத்தன் வாசலில் நின்று, "யாரு போயிட்டது?" என்று கேட்டான்.

"ஒத்தாவியோ!" என்றேன். பெயரைப் பாதிரியார் சொல்லக் கேட்டிருந்தேன்.

"எந்த ஒத்தாவியோ?"

"எந்த ஒத்தாவியோவா! பக்கத்துத் தெருவுல வாழ்ந்த மனுஷனைத் தெரியாதுன்னு சொல்ல உனக்கு வெட்கமா இல்ல? தராசைக் கீழே வைய்யா!"

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. தராசை வைத்தான், ஏப்ரனை அவிழ்த்தான், வந்து சேர்ந்துகொண்டான். அடுத்த கடைக்காரன் கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. காய்கறிக்காரனே, "நம்ம ஒத்தாவியோடா! தெரியாத மாதிரி கேக்குறியே!" என்று அதட்டினான். அப்புறம் கேட்பானேன். வெள்ளைக் கையுறை போட்ட போக்குவரத்துப் போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து, விசில் ஊதி எல்லா வண்டியையும் நிறுத்தி, விறைப்பாக சல்யூட் அடித்தார். ஒத்தாவியோ ஓய்வுபெற்ற டிராம் ஓட்டி. உயிரோடு இருந்தபோது போலீஸ்காரர் அவருக்கு அபராதம் மட்டும்தான் போட்டிருப்பார்.

இப்படித்தான் நான் கொலோசியத்தைப் பார்த்தேன். இடதுபக்கம் இருந்தது, பெரிசாக இருந்தது. நின்று பார்க்க முடியவில்லை, ஒத்தாவியோ நிற்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கொலோசியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் படம் பிடித்தார்கள். கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது திரும்பிப் பார்த்தால், நம் ஊர்த் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. ஒவ்வொருவனும் மற்றவனுக்கு அவரை நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சோகமாக நின்றான். எல்வீரா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். "டேய் தம்பி, உனக்கு இத்தனை பேராடா! கண்ணைத் திறந்து பாருடா!" என்றாள்.

அதற்குப் பிறகு நான் விடுதிக்குத் திரும்பியிருக்கலாம்தான். ஆனால் சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கத்தார்தானே சோறு கொண்டுவர வேண்டும்? ஒத்தாவியோ வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தோம். ஒருத்தரும் ஒரு கிண்ணம் சூப்பு கொண்டுவரவில்லை. ரோம்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. நான் மாடி மாடியாகப் போய்க் கதவைத் தட்டினேன். "சாவு வீடு இங்க இருக்கு, நீங்க சூப்பு. நீங்க காப்பி. நீங்க ரொட்டி, புதுசா இருக்கட்டும்" என்று பிரித்துக் கொடுத்தேன். இரண்டாம் மாடி வக்கீல், "நீங்க யாரு எனக்கு உத்தரவு போட?" என்றார். "நான் யாருமில்ல. அதனாலதான் எனக்கு வெட்கமில்ல, நீங்க வெட்கப்படணும்" என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, "காப்பி சர்க்கரை போட்டா, போடாமலா?" என்று கேட்டாள். எர்சீலியாவின் அடுப்பில் நான் நம் மிளகாயை எண்ணெயில் பொரித்தேன். எனக்குச் சமைக்க வராது என்றாயே! முதல் சட்டி மட்டும் கொஞ்சம் கருகியது. இவர்களுக்கு அது எப்படி இருக்கவேண்டும் என்று தெரியாதாகையால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு எல்வீரா என்னிடம் கேட்டாள்.

"ஐயா, நீங்க என் தம்பிக்கு என்ன முறை?"

"எனக்கு அவரைத் தெரியாதும்மா. நான் ஓவியம் பார்க்க வந்தவன்."

"அப்ப ஏன் அப்படி அழுதீங்க?"

"பெஞ்செல்லாம் காலியா இருந்துச்சே."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "என் வீட்டுக்கு வந்துடுடான்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். தனியா இருந்தா ராஜா மாதிரி இருப்பேன், யாரும் என் கதவைத் தட்டாதீங்கன்னுட்டான்."

"என்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு" என்றாள் எர்சீலியா. "அதனாலதான் நான் தட்டல. ரெண்டு நாள் கழிச்சுச் சாவி போட்டுத் திறந்தா, செத்துக் கிடந்தாரு."

நான் வாய் நிறைய மிளகாயைத் திணித்துக்கொண்டேன். அது கிடக்கட்டும்.

ஏழாம் நாள் பூசை வைக்காமல் ஒரு ஆத்துமாவை எப்படி அனுப்புவது? பாதிரியார் நேரமில்லை என்றார். நான் அவர் அங்கி மாற்றும் அறையிலேயே உட்கார்ந்து, நம் கழுதை கதையை முதலிலிருந்து சொன்னேன். பாதிக்கு மேல் தாங்கமாட்டாமல் நேரம் கொடுத்துவிட்டார். பெட்டிக்குப் பின்னால் முதலில் நடந்தவன் அந்தப் பூசையில் இருந்தாக வேண்டும், உனக்கே தெரியும். அதனால்தான் வியாழக்கிழமை ரயிலை விட்டேன். நீ இதைத் தோல்வி என்று சொல்லப் பார்ப்பாய், சொல்லாதே. நீ வியாழக்கிழமை என்றுதான் சொன்னாய், எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை. அத்தான்தான் சாட்சி, அவருக்குக் காது கேட்டிருந்தால். நான் தனியாகத்தான் வந்தேன், தனியாகத்தான் சாப்பிடுகிறேன். என்னைச் சுற்றி ஒரு கட்டிடமே உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கு நான் என்ன செய்ய? வழி தெரியாமல் ஒருநாளும் முழிக்கவில்லை. ரோம் முழுவதும் பார்த்தாயிற்று. ஆகவே பந்தயத்தில் ஜெயித்தது நான். என் வீடு எனக்கு, வாய் திறக்காமல் இருப்பது உனக்கு. எனக்கு யாரும் வேண்டாம் என்பது இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சத்தமாகச் சொல். ஆடுகளைத் தடவிக்கொடு, கழுதையிடம் மட்டும் தள்ளி நின்று விசாரி. எல்லாப் புனிதர்களும் உங்கள் கூரையையும் உன் முதுகையும் காப்பாற்றட்டும்.

உன் சொல் கேட்காத, ஆனால் உன்மேல் உயிரையே வைத்திருக்கும் தம்பி,
கானியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டியாயிற்று. எர்சீலியாவிடம் கொடுத்து வெந்நீர் ஆவி காட்டிப் பிரிக்கச் சொல்லி இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒரு எழுத்தும் மாற்றமில்லை, பந்தயத்தில் ஜெயித்தது நான்தான். ஜெயித்தவன் இஷ்டப்பட்ட இடத்தில் இருக்கலாம் என்பதால் உங்கள் மாடி அறைக்கு வந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். நீ கூப்பிட்டாய் என்பதற்காக அல்ல. வேறு யாருக்கும் அறையைக் கொடுத்துவிடாதே. தினமும் காலையில் வந்து கதவைத் தட்டு. தட்டாதே, போ என்று உள்ளேயிருந்து கத்துவேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே அக்கா, தட்டு. நான் கத்தவில்லையென்றால் இன்னும் பலமாகத் தட்டு.