ஆறு மூட்டை சிமெண்டில் ஒரு சரித்திரம்

அன்று அந்தத் தூணுக்கு முன்னால் நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேரிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி, அவருடைய ப்யூன், எங்கள் இளைஞர் மன்றத் தலைவர் காதர் பாய், பக்கத்து வயல்காரர் மண்டல் தாதா (வங்காளிகளுக்குத் தாதா என்றால் அண்ணன்), என் அய்யா, கஞ்சி போட்ட சட்டையில் நான், ஊர் ஜனம் முப்பது நாற்பது பேர், யாரும் கூப்பிடாமல் வந்த இரண்டு ஆடுகள். வராதவர் ஒருவர்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். லீவில் மெயின்லேண்டு போனவர், திரும்பிவரக் கப்பலில் இடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் மெட்ராஸில் உட்கார்ந்திருந்தார். ஊரில் இந்தியை ஒழுங்காகப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு மட்டும் ஒரு டிக்கெட் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திருக்காது.

எங்கள் ஊர் பெரார்கஞ்ச் பக்கம். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லோரும் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். ஒருவரோடொருவர் பேச இந்திதான். அந்த இந்தியில் ஆண்பால் பெண்பால் பார்க்க மாட்டோம். (எருமையும் வருவான், மாமனாரும் வருவாள்.) அதை நான் சரளமாகப் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் இந்தி எழுத்தும் படித்திருந்தேன், எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு கடல் கிடப்பது மட்டும் எனக்குத் தெரியாது.

எங்கள் வம்சத்திலேயே பதினோராம் வகுப்பு முடித்த முதல் ஆள் நான். அய்யா காட்டு இலாகாவில் மரம் தள்ளுகிற கூலி. கைநாட்டு. ஊரில் யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும், "எங்கிட்டக் குடுங்க, கருப்பையா படிச்சிருவான்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கடிதம் தெலுங்கில் இருந்தாலும் சரி.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் வேலை ஒன்று அனுமதியாகியிருந்தது. நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, நன்னடத்தைச் சான்றிதழில் போர்ட் பிளேர் அதிகாரி ஒருவரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அந்தக் கையெழுத்து விழுந்தால் மாதச் சம்பளம், நாற்காலி, மேசை. அய்யா அந்த நாற்காலியை ஊர் முழுவதும் சொல்லி முடித்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அதே அலுவலகத்திலிருந்து மன்றத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் சிறு மானியம். முழுக்க இந்தி. காதர் பாய் கடையில், வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து வாசித்தேன்.

"என்ன தம்பி போட்டுருக்கு?"

"சரித்ர நிர்மாண்னு போட்டுருக்கு பாய். சரித்திர நிர்மாணம். சரித்திரம் கட்ட சர்க்கார் பணம் தருது. நூத்தம்பது ரூவா."

"கட்டுறதுன்னா?"

"நிர்மாணம்னா கட்டடந்தானே."

பாய் தராசைக் கீழே வைத்தார். "சரித்திரத்தைக் கட்டி யாரைப்பா குடி வைக்கப்போறோம்?"

இந்த இடத்திலேயே உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முட்டாளாக நான் ஒருவன் இருந்தது போதும். தமிழில் சரித்திரம் என்றால் நடந்த கதை. இந்தியில் சரித்ர என்றால் ஒழுக்கம், நடத்தை. பிள்ளைகளிடம் நல்லொழுக்கத்தை வளர்க்க நாடகம் போடு, புத்தகம் வாங்கு, ஊர்த்தொண்டு செய் என்று சொன்ன சுற்றறிக்கை அது. எனக்கு இது விளங்க ஐந்து மாதமும் ஆறு மூட்டை சிமெண்டும் ஆயின.

விண்ணப்பத்தில் முதல் கேள்வி: உங்கள் ஊரில் சரித்ர இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

நான் யோசித்தேன். நேர்மையாகப் பதில் எழுத வேண்டும் என்று ஒரு வைராக்கியம் (படித்தவன் அல்லவா). இந்தியில் இப்படி எழுதினேன்: "எங்கள் ஊரில் சரித்ர எதுவும் இல்லை. மெயின்லேண்டில் இருந்தபோது எல்லோருக்கும் இருந்தது. கப்பல் ஏறும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பெரியவர்களிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டுவோம். பெண்களின் சரித்ரவைத் தனியாக விசாரிக்க இருக்கிறோம்."

அடியில் காதர் பாய் கையெழுத்துப் போட்டார், தலைவர் என்ற முறையில்.

ஒரு மாதத்தில் பணம் வந்துவிட்டது. அது எங்களுக்கே ஆச்சரியம். இவ்வளவு வெளிப்படையாகத் தன் சீர்கேட்டை ஒப்புக்கொண்ட ஊரை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பணம் வந்ததும் சரித்திரம் சேகரிக்கக் கிளம்பினேன். ஒரு நோட்டு, காதில் பென்சில். தமிழர் வீடுகளில் பிரச்சினை இல்லை. எந்தக் கப்பலில் வந்தார்கள், முதல் கிணறு யார் தோண்டியது, முதல் சண்டை எதற்கு, எல்லாம் கொட்டினார்கள். மண்டல் தாதா வீட்டில்தான் இடறியது. அவர் நாற்றுக்கட்டோடு வாசலில் நின்றார்.

"தாதா, ஆப்கா சரித்ர சாஹியே," என்றேன். உங்கள் சரித்திரம் வேண்டும் என்று அர்த்தம், என் கணக்கில்.

வங்காள மொழியிலும் அந்தச் சொல்லுக்கு ஒழுக்கம்தான் பொருள். தாதாவுக்குத் தாடை இறுகியது. "மேரா சரித்ர? தும் கோன் ஹை பூச்னேவாலா?" என்று கேட்டார். என் நடத்தையைக் கேட்க நீ யார் என்கிறார்.

"மன்றத்து செக்ரட்டரி, தாதா. கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதிக்கொண்டு போய் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டுவிடுவேன்."

நாற்றுக்கட்டு கீழே விழுந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். அவளிடமும் நான், அண்ணி முறை வைத்துப் பவ்யமாக, "பாபி, அப்புறம் உங்களுடையதும் வேண்டும்," என்றேன். நோட்டும் பென்சிலுமாக வரப்பில் நான் அன்று ஓடிய ஓட்டத்தை மண்டல் வீட்டு வாத்துகள் நெடுநாள் மறக்கவில்லை. மனிதர் தன்னடக்கமானவர், தன் பெருமையைப் பேச விரும்பாதவர் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே தூண் எழும்பியது. ஏழடி உயரம், நான்கு முகம். மணலை ஓடையிலிருந்து பெண்கள் சுமந்தார்கள். சிமெண்டு பிடித்துத் தந்தது காதர் பாய். வெள்ளையடித்து, கறுப்பு பெயிண்டில் எழுதியது நான். சாலையைப் பார்த்த முகத்தில், அதிகாரி படிக்க வசதியாக, இந்தியில் தலைப்பு: எங்கள் ஊரின் சரித்ர. அதன் கீழே முதல் கிணறு, முதல் சண்டை, முதல் திருட்டு. (காதர் பாய் கடையில் ஒரு டின் எண்ணெய். ஆள் இன்றுவரை அகப்படவில்லை.) மற்ற மூன்று முகங்களிலும் தமிழில், முதலில் வந்த குடும்பங்களின் பெயர்கள், ஆள் ஆளாக.

எழுதிக்கொண்டிருந்தபோது அய்யா வந்து பக்கத்தில் நின்றார்.

"மாரி பேரு வருமாடா?"

மாரி என் தங்கை. கப்பலிலிருந்து இறங்கிய முதல் மழையில் காய்ச்சல் கண்டு போனவள். ரேஷன் கார்டு எழுதும்போது அவள் இல்லை, அதனால் அதிலும் அவள் பெயர் இல்லை.

"வரும் அய்யா."

"கீழ எழுதாத. மாடு உரசும். என் நெஞ்சு ஒசரத்துக்கு எழுது." அந்த உயரத்தில் எழுதினேன். எழுத்து தெரியாதவர் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, பெயிண்டு ஒட்டிய விரலோடு வேலைக்குப் போனார்.

அப்புறம் மானியம் எப்படிச் செலவாயிற்று என்று பார்க்க அதிகாரி வந்தார். முதலில் அய்யாவைத்தான் பிடித்தார். அவர் பையில் என் நன்னடத்தைப் படிவம் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பரிவாகவே கேட்டார்: "ஆப்கே பேட்டே கா சரித்ர கைசா ஹை?" உங்கள் மகனின் நடத்தை எப்படி?

அய்யாவுக்கு ஐந்து மாதமாக நான் கற்றுக்கொடுத்த பாடம் நினைவு இருந்தது. சரித்ர என்றால் சரித்திரம். பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினார்.

"அபி நை ஹை, சாப்," என்றார். இன்னும் இல்லை. "சோட்டா ஆத்மி. பாத் மே ஆயேகா." சின்ன ஆள், பிற்பாடு வரும். கூடவே ஒரு விளக்கமும் தந்தார்: "மேரா பஹுத் ஹை. இஸ்கா குச் நை." என்னிடம் நிறைய உண்டு, இவனிடம் ஒன்றுமில்லை.

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மண்டல் தாதா பின்னாலிருந்து, "சச் போல்தா," என்றார். உண்மையைச் சொல்கிறார் என்று.

நான் அவசரமாக அதிகாரியைத் தூணிடம் அழைத்துப் போனேன். அவர் தலைப்பை வாசித்தார். எங்கள் ஊரின் ஒழுக்கம். கீழே, முதல் சண்டை, முதல் திருட்டு. சுற்றி வந்து மற்ற முகங்களில் வரிசைகளைப் பார்த்தார். ஊர்க்காரர்களின் பெயர்கள் என்றேன்.

"இத்னே லோக்?" என்றார். இத்தனை பேரா?

"இன்னும் இருக்கிறார்கள் சார். இடம் போதவில்லை," என்றேன்.

பிறகு அவர் தூணைத் தட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். "சரித்ர சார். நிர்மாணம் செய்துவிட்டோம்," என்றேன். எதனால் என்றார். "சிமெண்டு, மணல், ஜல்லி," என்றேன், கலவை விகிதத்தோடு.

"கேரக்டர்," என்றார் அவர், இங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தாக. "சரித்ர மீன்ஸ் கேரக்டர்."

அந்த ஒரு சொல்லில் ஐந்து மாதமும் திரும்பி ஓடியது. விண்ணப்பம், கப்பலில் விட்டுவிட்டு வந்தது, பெண்களைத் தனியாக விசாரிப்பது, மண்டல் பாபி. காதர் பாய் என் காதருகில், "என்ன தம்பி சொல்றாரு?" என்றார். சொன்னேன். "அப்ப நான் எதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன்?" என்றார். அதையும் சொன்னேன். அவர் போய் ஆடுகளோடு நின்றுகொண்டார்.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. வழியும் அவரே சொன்னார். தூணை வெள்ளையடித்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். நான்கு முகத்திலும் நீதிவாக்கியம் எழுதுங்கள். 'உண்மையே பேசு' என்று ஆரம்பிக்கலாம். ஒழுக்கத் தூண் என்று குறிப்பெழுதி மானியத்தைச் சரிசெய்துவிடுகிறேன், பையனின் படிவத்திலும் இங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். இல்லாவிட்டால் மானியம் தவறாகச் செலவானதாகும். பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும், அப்படி எழுதிய கையால் இவனுக்குச் சான்றிதழ் தர முடியாது.

பேனாவைத் திறந்தும் விட்டார்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. சுண்ணாம்பு வாளியைத் தேடி ஓடினேன். எனக்கு நாற்காலி தெரிந்தது, மேசை தெரிந்தது. மட்டையைத் தோய்த்து வந்தபோது அய்யா தூணில் சாய்ந்து நின்றிருந்தார், முதுகு சரியாக அந்த உயரத்தில்.

"தள்ளுங்க அய்யா."

"என்ன செய்யச் சொல்லுதாக?"

"பேரெல்லாம் அழிச்சிட்டு 'உண்மையே பேசு'ன்னு எழுதச் சொல்றாக. அப்பத்தான் வேலை."

அவர் நகரவில்லை. மணல் சுமந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் மட்டையிலிருந்து சுண்ணாம்பு என் செருப்பில் சொட்டியது. அய்யா அதிகாரியிடம்தான் சொன்னார், தனக்குத் தெரிந்த இந்தியில்: "நாம் நை மிட்டாயேகா, சாப். பைசா தேகா." பெயரை அழிக்க மாட்டோம், பணம் தருகிறோம்.

"ஹம் பீ தேகா," என்றார் இன்னொரு குரல். நானும் தருகிறேன். பார்த்தால் மண்டல் தாதா. அவர் பெயர் தூணிலேயே இல்லை.

அதிகாரி பேனாவை மூடினார். படிவம் பைக்குள் போனது. ஜீப் போனது. வேலை திக்லிபூர்க்காரர் ஒருவருக்குப் போனது. ஒரு மாதம் நான் அய்யாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, ஓவர்டைமில் மரம் தள்ளிக்கொண்டிருந்தார். சாயங்காலங்களில் மணல் சுமந்த அக்காமார் ஒவ்வொருவராக வந்து, "எம் பேரு எதுப்பா?" என்று கேட்டு, காட்டிய இடத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். கோபத்தோடுதான் காட்டினேன். எத்தனையாவது ஆளில் கோபம் போனதென்று நினைவில்லை.

இரண்டு வருஷம் கழித்து பாராடாங்கில் வாத்தியார் வேலை கிடைத்தது. வாத்தியாராகவே ரிட்டயர் ஆனேன். எங்கள் வீட்டில் இன்றும் பிள்ளைகள் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், "இவன் சரித்திரத்தைக் கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டான்" என்பாள் என் மனைவி. சம்பந்தம் பேச வருகிறவர்கள் பையன் கேரக்டர் எப்படி என்று கேட்டால், வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. அந்தக் கதையில் ஆன செலவை என் மனைவி சொல்லும்போது என்னுடைய இரண்டு வருஷச் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்லுவாள். அய்யா கடைசிவரை அதைச் செலவு என்றே சொன்னதில்லை. "மாரிக்குச் செஞ்சது" என்பார். மணியார்டர் கமிஷனோடு நூற்றைம்பத்திரண்டு ரூபாய் இருபத்தைந்து பைசா.