வெட்பாலை எண்ணெயும் ஊதா மையும்

மாடியில் வெயிலுக்கு வைத்திருந்த ஜாடியை நீலகண்டன் எட்டிப் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்த தேங்காய் எண்ணெய் ஊதாவாகிக் கிடந்தது.

முந்தாநாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் மிளகு மூட்டைச் சீட்டுகளில் கிடங்கு முத்திரை குத்தினார். ஊதா மையைக் காக்காய் தட்டிவிட்டுப் போயிருந்தது.

"சனியன், இதிலேயும் தெறிச்சிருக்கு!"

அவர் மனைவி கமலாக்ஷி, தன் தம்பி கல்யாண வேலையாகப் பாலக்காட்டில் இருந்தாள். வருஷக்கணக்காக அவள் விரல்களில் தோல் செதில் செதிலாக உதிரும். எந்தக் களிம்புக்கும் அடங்கவில்லை. இப்போது அத்தனை பேர் பார்க்க, தம்பி கட்டும் தாலிக்கு நாத்தனார் முடிச்சு அவள்தான் போட வேண்டும்.

"வெட்பாலை இலையை எண்ணெயில போட்டு வெச்சிருக்கேன். நான் வரவரைக்கும் பார்த்துக்கோங்கோ. அதை நம்பித்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார் முகமது இஸ்மாயில். நீலகண்டன் எண்ணெயை அவருடைய டப்பாவில் சாய்த்தார்.

"சைக்கிள் சங்கிலிக்கு விட்டுக்கோ."

"இதையா சாமி? எனக்கா?" இஸ்மாயில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நீலகண்டன் இலைகளைக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றினார். மைப்புட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சில நாளில் மறுபடியும் ஊதா.

"இலையிலே மை ஊறிப்போச்சு!"

அதையும் இஸ்மாயிலிடம் தள்ளிவிட்டு, பள்ளுருத்திக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு வீட்டில் வெட்பாலை மரம் இருந்தது.

"எடுத்தோ சாமி. பட்சே, ஏற ஆளில்லா" என்றார் மலையாளி வீட்டுக்காரர்.

நீலகண்டனே ஏறினார். வேஷ்டி கிழிந்தது, இலை கிடைத்தது. அந்த எண்ணெயும் ஊதாவாகி, இஸ்மாயிலின் டப்பாவுக்குப் போயிற்று.

"ஜாடியிலேதான் கோளாறு!"

புது ஜாடி வாங்கினார். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, காக்காய் விரட்டக் குடையோடு பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவர் கண்ணெதிரிலேயே எண்ணெய் மெல்ல மெல்ல நிறம் மாறியது. இப்போது அவருக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்தது. சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினார்.

ஜாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கினால், வாசலில் பையும் கையுமாகக் கமலாக்ஷி.

"என்னத்தை ஒளிச்சுண்டு போறேள்?"

"கமலா, காக்காய் மையைக் கொட்டிடுத்து. மரமேறிக்கூடப் பார்த்துட்டேன், என்னால உன் எண்ணெயைக் காப்பாத்த முடியலை."

அவள் முகம் வாடியது. விரல்கள் தாமாகப் புடவைத் தலைப்புக்குள் போயின. அதைப் பார்க்கச் சகிக்காமல் நீலகண்டன் கடைப்பக்கம் திரும்பினார்.

"இஸ்மாயிலே, இதையும் எடுத்துக்கோ."

இஸ்மாயில் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போதும் சாமி! சங்கிலிக்குன்னு சொல்லித் தந்தா எனக்கு மருந்து தெரியாதா? நீங்க தந்த மூணு தடவையும் பூசி, செதில் செதிலா உதிர்ந்த எங்க அத்தா முதுகு பச்சைப்புள்ளை முதுகாயிடுச்சு. இப்படி இலையிலேருந்து ஊதா இறங்கிப் பக்குவமான மருந்தையெல்லாம் எங்களுக்கே வாரிக் கொடுத்துட்டா, மாமி கைக்கு என்ன பூசுவீங்க?"