ஆப்பிரிக்காவுக்கு ராகு காலம்

செம்பாக்கத்தை விட்டு நகராமலேயே ஆப்பிரிக்காவில் உத்தியோகம் பார்த்த மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவன் 'ஆப்பிரிக்கா'.

உத்தியோகம் என்றால் சம்பளம் கிடையாது. லண்டனில் ஒரு தொண்டு நிறுவனம், கிழக்கு ஆப்பிரிக்காவில் தண்ணீர் இல்லாத கிராமங்களுக்கு அடிகுழாய் போட்டுக் கொடுத்தது. அதற்கு இங்கிருந்தே ஈமெயில் எழுதித் தரும் இன்டர்ன் இவன். முடித்தால் சர்டிஃபிகேட். அது வராவிட்டால் பள்ளிக்கரணையில் மாமாவின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும் என்று அவன் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். 

ஆபீஸ், இரண்டு தெரு தள்ளியிருந்த பிரவுசிங் சென்டர். அதற்கு அயர்ன் செய்த சட்டை, ஷூ, டிபன் பாக்ஸ் சகிதம் கிளம்புவான். "உன்னை யாருடா பாக்கப் போறாங்க, கேமராகூட இல்லியே" என்று கேட்டேன்.

"கசங்கின சட்டை போட்டுக்கிட்டு எழுதினா இங்கிலீஷும் கசங்கிடும் மச்சான்."

ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இவன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு, ஷூவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நீந்தாத குறையாக வந்து சேர்ந்தான். சொட்டச் சொட்ட உட்கார்ந்து, குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று நன்கொடையாளர்களுக்கு உருக்கமாக எழுத ஆரம்பித்தான். சென்டர் ஓனர் துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"இன்னாபா ஆப்பிரிக்கா, அங்க கீற தண்ணியெல்லாம் நீயே எடுத்துகினு வந்துட்டியா? கீபோர்டு மேல சொட்டுது பாரு."

அவன் கடிதங்களின் புண்ணியமோ என்னவோ, ஒரு கிராமத்துக்கு அடிகுழாய் வந்துவிட்டது. லண்டன் மேடம் திறப்பு விழாவைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தார். மெயிலைப் படித்த ஆப்பிரிக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ராகு காலம்டா மச்சான்."

"பத்தரையோட முடிஞ்சிடுமே. அரை மணி நேரம் பேச்சுலயே ஓடிடும்."

"அது நம்ம தாம்பரத்து ராகு காலம். அங்க சூரியன் ஆறரைக்குத்தான் வருது. கணக்குப் போட்டா ஒன்பதரையிலேர்ந்து பதினொண்ணு. நட்ட நடு ராகு காலத்துல குழாயைத் தொறந்தா தண்ணி எப்படிடா வரும்?"

சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கிறது என்று அந்தக் கிராமத்து வாத்தியாருக்கு மெயில் போட்டே கேட்டிருக்கிறான், பாவி.

கிரக நிலை சரியில்லை, விழாவைப் பதினொன்றே காலுக்கு மாற்றவும் என்று மேடத்துக்கு எழுதினான். இந்தப் பேச்சை இன்னொரு முறை எடுத்தால் சர்டிஃபிகேட் கிடையாது என்று பதில் வந்தது.

"வாயை மூடிக்கிட்டு இருடா. டைல்ஸ் கடையை நெனைச்சுப் பாரு" என்றேன்.

நினைத்துப் பார்த்தான். "அந்த ஊர்ப் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு எவ்ளோ தூரம் நடக்கறாங்க தெரியுமா? தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம்டா" என்றவன், நேராக வாத்தியாருக்கே ஒரு மெயில் தட்டிவிட்டான். எங்கள் ஊரிலும் ஆகாத நேரம் உண்டு, பெரியவர்களிடம் சொல்லிவிட்டேன் என்று வாத்தியார் பதில் போட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு, லண்டனிலிருந்து போய் இறங்கிய மேடம் ரிப்பனும் கத்தரிக்கோலுமாக நிற்க, அங்கே ஒரு ஈ காக்கா இல்லை. பதினொன்றே காலுக்கு மொத்த ஊரும் மேளம் அடித்துக்கொண்டு வந்தது. முதல் அடியிலேயே தண்ணீர் கொட்டியதாம். இதெல்லாம் வாத்தியார் எழுதித்தான் தெரியும். மேடமும் ஒரே ஒரு வரி எழுதினார். சர்டிஃபிகேட் இல்லை.

ஆப்பிரிக்கா டைல்ஸ் கடையில் உட்கார்ந்தான். வாத்தியார் அனுப்பிய அடிகுழாய் போட்டோவைப் பிரிண்ட் எடுத்து, கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். யாராவது கேட்டால், "நம்ம பிராஞ்சு சார்" என்பான்.

பிறகு எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது ஏர்போர்ட்டில் என்னை ஓரமாக இழுத்தான்.

"நீ போய்ச் சேர்றது திங்கக்கிழமை. அங்க இப்ப சூரியன் லேட்டு. பத்தே கால் வரைக்கும் ரூமுக்குள்ள கால் வைக்காத. குளிர்காலத்துல அங்க ராகு காலமே ஒரு மணி நேரம்தான். உனக்கு லக்குடா."

அந்தத் திங்கட்கிழமை, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற பனியில் பல் தந்தியடிக்க, பத்தே கால் ஆகும்வரை வாசலிலேயே நின்றேன். ராகு காலத்தில் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் பள்ளிக்கரணையில் ஒருவன், வந்த கஸ்டமரைக்கூடக் கவனிக்காமல், எனக்காக மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று தெரியும்.