கடைசி வீட்டு கிரைண்டர்

எதையும் முதலிலிருந்து பார்க்கத் தெரியாத ஒரே மனிதர், எங்கள் தலத்தெருவில் இருந்த கடைமடை அண்ணன்தான். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்தில் தொடங்குவார். கல்யாணப் பந்தியில் தன் இலையில் சோறு விழுமுன் எழுந்து கோடிக்குப் போய், “கடைசி இலைக்குப் பருப்பு வந்துச்சா?” என்று விசாரிப்பார். சமையல்காரர் என்று நினைத்து அவரிடம் ரசம் கேட்ட சம்பந்திகள் உண்டு. போலகத்தில் வாய்க்காலின் கோடியில் வயல் வைத்திருந்தவர். ஊரையெல்லாம் நனைத்து மிஞ்சிய தண்ணீர்தான் அவருக்கு வரும். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

தெருவில் ஒருவர் பேட்டரி ஸ்கூட்டர் வாங்க, எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கம் போயிற்று. பிறகு எல்லோரும் வாங்கினோம். போதாக்குறைக்குத் தெருமுனைக் கடைக்காரர் கார்களுக்குச் சார்ஜ் போடும் மிஷின் வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே ட்ரான்ஸ்பார்மர். சாயங்காலம் ஆறரைக்கு வீடு திரும்பி, எல்லோரும் ஒன்றாக வயரைச் செருகுவோம், ஏசியையும் போடுவோம்.

தெருவின் கடைசி வீட்டில் செல்வியக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறார். அவர் அரைப்பதும் அந்த நேரத்தில்தான். வோல்டேஜ் இறங்கி கிரைண்டர் முனகும். ஒருமுறை மோட்டார் காயில் எரிந்தே போனது. கணவர் இல்லை, அந்தக் கல் சுற்றினால்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பாடு.

கடைமடை அண்ணன் நோட்டும் கையுமாக வீடு வீடாக ஏறினார்.

“தம்பி, சார்ஜுக்கு முறை வச்சுக்குவோம். செல்வி அரைச்சு முடிக்கட்டும். ஒங்களுக்கு எட்டரை.”

“ஏண்ணே, கரண்டு என்ன வாய்க்கா தண்ணியா?”

“மேல இருக்குறவங்கல்லாம் ஒரே நேரத்துல மடையத் தொறந்தா, கீழ இருக்குறவன் என்னங்க பண்ணுவான்? அதேதான் இதுவும்.”

சார்ஜ் கடையில் காத்திருந்த காரோட்டிகளிடம் போய், “கீழ மாவு அரையுது, டீ குடிச்சுட்டு வாங்க” என்றாராம். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

தன் முறையைக் கடைசியாக, விடியற்காலையில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அயர்ந்து தூங்கிவிடுவார். அதனால் பாதி நாள் ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருவார். தள்ளுவதற்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்டால், “சட்டம்னா சட்டந்தானே” என்பார்.

ஒரு நாள் திருநள்ளாறு போகிற அவசரத்தில் ஆறரைக்கே திருட்டுத்தனமாகச் செருகினேன். இன்னும் நாலு பேர் அதையே செய்திருந்தார்கள். கிரைண்டர் மறுபடி எரிந்தது. என் வீட்டு வாசலில் அண்ணனைப் பார்த்ததும் நன்றாகத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். “வாங்க தம்பி, ஒரு கை புடிங்க” என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டு கிரைண்டரை இருவரும் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தோம். அவ்வளவு கனமான பொருளை அதற்குப் பின் நான் தூக்கியதில்லை.

அண்ணன் மனுமேல் மனு போட்டு, லைன் பார்க்க ஒரு என்ஜினீயர் வந்தார்.

“ட்ரான்ஸ்பார்மர்ல வோல்டேஜ் சரியாத்தானே இருக்கு?”

“மதகுகிட்ட தண்ணி எப்பவும் சரியாத்தான் சார் இருக்கும். கடைசி வரைக்கும் நடந்து பாருங்க.”

அன்று மட்டும் அண்ணனே எல்லோரையும் ஒன்றாகச் செருகச் சொன்னார். என்ஜினீயர் கண்ணெதிரே கல் திணறி நின்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பாய்ந்து கிரைண்டர் சுவிட்சை அணைத்தார். சில மாதத்தில் கடைசி வீட்டுப் பக்கம் புது ட்ரான்ஸ்பார்மர் வந்தது. முறை ஒழிந்தது, நான் இன்னும் எட்டரைக்குத்தான் செருகுகிறேன்.

அண்ணன் இப்போது மகனோடு புதுச்சேரியில் இருக்கிறார். போன மாதம் என் மகள் கல்யாணத்துக்கு வந்தார். பாயச வாளியை நானே வாங்கிக்கொண்டு பந்தியின் கோடிக்குப் போனேன். கடைசி இலையில் செல்வியக்கா, அடுத்த இலையில் அவர். வழக்கம்போல எழப்போனவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“கடைசி இலைக்கு வந்துடுச்சுண்ணே. நீங்க சாப்புடுங்க.”

என் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள், மகளைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.