கணக்குத் தாளின் மறுபக்கம்

நான் யாரையும் மதம் மாற்றியவன் அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்படி என் வீட்டுப் பூனையைக்கூட என்னால் மாற்ற முடிந்ததில்லை. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு ஊரே என்னைப் பற்றி அப்படி நம்பிய ஒரு சனிக்கிழமை உண்டு.

அப்போது நான் மட்டக்களப்பு நகரில் எங்கள் கிறிஸ்தவ சபையின் வாலிபர் சங்கச் செயலாளர். வயது இருபத்து நான்கு (தலைக்கனத்துக்கு நாற்பது). வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் ஓ.எல். பரீட்சைக்கு மூன்றே மாதம். சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தச் சபை முன்வந்தது. பள்ளிக்கூடத்தின் கண்டிப்பான அதிபர் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"தம்பி, கணக்கு மட்டும் படிப்பிச்சாப் போதும். சமயம் ஒண்டும் வேணாம். தாய் தகப்பன்மார ஒத்துக்க வெச்சதே பெரும்பாடு."

"ஓம் மிஸ், ஒரு சொல்லும் வராது" என்றேன். கடிதமாகவும் எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் சபையில் காகிதத்தை வீணாக்குவது பெரும் பாவம். ஒரு பக்கம் அச்சான எதுவும் அலுமாரிக்குப் போகும். பாடகர் குழுவின் பாட்டு, கூட்ட அறிக்கை எல்லாம் அதன் முதுகில்தான். அதனால் எவரும் தாளைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. நானும் அலுமாரியில் ஒரு கட்டுத் தாளை எடுத்து, வெற்றுப் பக்கத்தில் வினாத்தாளைப் போட்டோகொப்பி அடித்துக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என்ன ஆர்வம் என்று நெகிழ்ந்துபோனேன். மீதியை வீட்டில் செய்துவரச் சொல்லி அனுப்பினேன்.

பின்னேரம் அதிபர் போன் எடுத்தார். "தம்பி, தாளுக்குப் பின்னால என்ன இரிக்கி எண்டு பாத்தீங்களா?"

பார்த்தேன். எங்கள் சபையின் பழைய எழுப்புதல் ஜெபக் கூட்டத்தின் துண்டுப்பிரசுரம். கொட்டை எழுத்தில், 'உன் கேள்விகளுக்கெல்லாம் விடை இங்கே. இன்றே மனந்திரும்பு.' முன்பக்கத்திலோ பதினைந்து கேள்விகள். அதன் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். என் மானம் போனது போகட்டும், பிள்ளைகளின் வகுப்பு நின்றுவிடுமே என்றுதான் பயந்தேன். எழுந்து அலுமாரிக் கதையைச் சொன்னேன். எனக்கே அது பொய் போல் கேட்டது. ஆதாரமாக எங்கள் கூட்ட அறிக்கைகளை நீட்டினேன். ஒன்றின் பின்னால் புரியாணி விற்பனை அறிவித்தல், இன்னொன்றின் பின்னால் மரண அறிவித்தல்.

ஊர்க் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் கண்ணாடியைப் போட்டு அவற்றை நிதானமாக வாசித்தார்.

"செத்தவீட்டு நோட்டீசிலயும் கூட்ட அறிக்கை எழுதியிரிக்காங்க. இவங்க மதம் மாத்துற ஆக்களில்ல, சரியான கஞ்சனுகள்" என்றார். கூட்டம் சிரித்தது. "வகுப்பு நடக்கட்டும். ஆனா நம்மட பிள்ளையார் கோயில் மண்டபத்தில. தாளெல்லாம் நான் பாத்துத்தான் குடுப்பன்."

அப்படியே நடந்தது. வாரம்தோறும் இரண்டு பக்கமும் பார்த்தார். நான்காம் வாரம் எட்டாவது கணக்கு பிழை என்று திருப்பியும் தந்தார். பரீட்சையில் பெரும்பாலான பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

பிறகு கல்யாணம் நிச்சயமானபோது, வருங்கால மனைவியோடு போய் வண்ணக்கருக்கு அழைப்பிதழ் கொடுத்தேன். பெயரை வாசிக்கும் முன் அட்டையைத் திருப்பினார். வெறும் வெள்ளை.

"புதுத் தாள்" என்று அவளைப் பார்த்தார். "அப்ப பொம்பிள வீட்டாக்கள் அடிச்சது போல."

உண்மைதான். அதை என் மனைவி இன்றுவரை ஒரு சொந்தக்காரரையும் விடாமல் சொல்லிவருகிறாள்.